கொக்கு சுடும் தோட்டா

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த கூட்டுறவு வங்கிக் கிளையில் காவலாளியாகச் சேர்ந்த முதல் நாளே உலகநாதனுக்கு அலுப்புத் தட்டிவிட்டது. வேலையைப் பார்த்து அல்ல, துப்பாக்கியைப் பார்த்து.

அது 1983. பட்டாளத்தில் இருபத்திரண்டு வருஷம் ஆயுதப் பட்டறையில் கழித்துவிட்டு ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்திருந்தார். அவருடைய அப்பா பருத்திப்பட்டில் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். மகன் கைக்குக் கலப்பைக்குப் பதில் திருப்புளி வந்தது. ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளைக் கழற்றி மாட்டிய கை அது. திரும்பி வந்து முத்தாபுதுப்பேட்டையில் ஓட்டு வீடு ஒன்று கட்டிக்கொண்டு மனைவி கஸ்தூரியோடு குடியேறினார். காலையில் ஆவடி ஸ்டேஷன் வரை சைக்கிள், பட்டரவாக்கம் வரை மின்சார ரயில், அப்புறம் நடை. இனிமேல் ஒரு துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தால் போதும், யாருக்கும் எதையும் பழுது பார்த்துக் கொடுக்க வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தார்.

மேனேஜர் வீரராகவன் பெட்டக அறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துவந்து கொடுத்தார். ரெட்டைக் குழல், பன்னிரண்டு போர், சீமையில் செய்தது. எந்தக் காலத்திலோ ஒரு ஜமீன் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது வங்கி எடுத்ததாம். கூடவே ஒரு தகர டப்பாவில் ஆறு தோட்டாக்கள்.

பழக்கதோஷம். உலகநாதன் மேஜை மேல் பழைய தினத்தாளை விரித்து, துப்பாக்கியை மூன்று துண்டாகப் பிரித்துவிட்டார். குழலின் அடிப்பக்கத்தில், பிரித்தால் மட்டுமே கண்ணில் படும் இடத்தில், சின்னச் சின்ன முத்திரைகள் இருந்தன. துப்பாக்கி செய்த ஊரில் சோதித்துப் பார்த்துக் குத்தியவை. ஒன்றே அரைக்கால் அவுன்ஸுக்கு மேல் ஈயம் போடாதே என்றது ஒரு முத்திரை. தோட்டா உட்காரும் அறை இரண்டரை அங்குலம், அதாவது அறுபத்தைந்து மில்லிமீட்டர் என்றது இன்னொன்று. கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு இரண்டையும் இரண்டு தரம் படித்தார். குழலை ஜன்னல் பக்கம் தூக்கி உள்ளே பார்த்தார். ஐம்பது மழைக்காலத்துத் துரு அம்மைத் தழும்பு மாதிரி அங்கங்கே இரும்பை அரித்திருந்தது.

டப்பாவில் இருந்த தோட்டாக்கள் எழுபது மில்லிமீட்டர். அதாவது இரண்டேமுக்கால் அங்குலம். உள்ளே ஒன்றேகால் அவுன்ஸ் ஈயம். பெரிய குண்டுகள், எல்.ஜி. என்று சொல்வது.

ஒன்றைப் போட்டுப் பார்த்தார். சொகுசாக உள்ளே போய் உட்கார்ந்தது. அதுதான் வில்லங்கமே. தோட்டாவின் வாயை மடித்து அடைத்திருப்பார்கள். அப்போது அது குட்டையாக இருக்கும். வெடிக்கும்போதுதான் மடிப்பு விரிந்து முழு நீளத்துக்கு வரும். குட்டையான அறைக்குள் நீளத் தோட்டா விரிந்தால் அதன் வாய் குழலின் குறுகிய கழுத்தில் போய் நெருக்கிக்கொள்ளும். போக வழியில்லாமல் அழுத்தம் ஏறும். அது ஏறுகிற இடத்தைச் சுற்றித்தான் சுடுகிறவனின் இடது கை இருக்கும்.

வீரராகவனிடம் போய் நின்றார்.

"சார், இந்தத் துப்பாக்கிக்கு இந்தத் தோட்டா ஆவாது சார்."

"ஏன், உள்ள போகலையா?"

"போவுது சார். அதான் தொல்ல. சுட்டா கொயல் தாங்காது."

வீரராகவன் நல்ல மனிதர்தான். ஆனால் மேஜை மேல் கோப்புகள் நெற்றி உயரத்துக்கு இருந்தன. "யாருய்யா இங்க சுடப் போறா? பாத்து பயப்படறதுக்குத்தான் துப்பாக்கி. இதுக்கு முன்னாடி இருந்தவர் பத்து வருஷம் இதையேதான் வெச்சிருந்தார்" என்றார்.

"அவுரு சுட்டாரா சார்?"

"இல்ல."

"அதான் இருந்தாரு."

வீரராகவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுதிக் கொடு, பார்க்கலாம் என்றார். உலகநாதன் வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தார். கோப்பில் போய் உட்கார்ந்த அவருடைய முதல் கடிதம் அது.

வங்கியின் சீட்டோடு மவுண்ட் ரோடு பக்கத்துத் துப்பாக்கிக் கடை ஒன்றுக்கு அவரே போனார். அங்கே சுலைமான் என்று ஒரு சிப்பந்தி. முப்பது வருஷமாகத் தோட்டா விற்றுத் தோட்டா விற்று, எதையும் கையில் தூக்கிப் பார்த்தே எடை சொல்கிறவர். உலகநாதன் முத்திரைகளை ஒரு காகிதத்தில் வரைந்து கொண்டுபோயிருந்தார். சுலைமான் அதைப் பார்த்துவிட்டு அலமாரியின் அடித்தட்டைத் துழாவினார்.

"இன்னா பாய், எதுனா கீதா?"

"அறுபத்தஞ்சு இப்ப யார் கேக்கறாங்க நைனா? எல்லாரும் எழுவதுக்குப் போயிட்டாங்க. லேசான மருந்து, லேசான ஈயம்... ஒரே ஒரு பொட்டி கீது. ஆறாம் நம்பர்."

ஆறாம் நம்பர் என்றால் பொடி ரவை. காடை, கொக்கு, நீர்க்கோழி அடிக்கப் பயன்படுவது. உலகநாதன் யோசித்தார். வங்கிக் கூடம் மொத்தமே முப்பதடி. அந்தத் தூரத்துக்குப் பொடி ரவையே போதும், ஆளை நிறுத்திவிடும். சுடுகிறவன் கையும் அவனிடமே இருக்கும்.

"குடு பாய்."

"பேங்க்ல சிரிப்பாங்க" என்றார் சுலைமான்.

சிரித்தார்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை. காசாளர் ஒருத்தர் தோட்டாப் பெட்டியின் மேல் பறவை வேட்டைக்கு என்று இருந்ததைப் படித்துவிட்டு எல்லோருக்கும் சொன்னார். உலகநாதன் ஒல்லி, நெட்டை, கழுத்தும் கொஞ்சம் நீளம். பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. டீ வாங்கப் போனால் கடைக்காரர்கூட, "கொக்கு சாருக்கு ஒரு ஸ்ட்ராங்" என்றார். முதல் வருஷம் கோபம் வந்தது. அடுத்த வருஷம் வரவில்லை. அப்புறம் யாராவது உலகநாதன் என்று கூப்பிட்டால்தான் திடுக்கென்று இருந்தது.

காவலாளிகள் வருஷத்துக்கு ஒரு தரம் ஐந்து தோட்டா சுட்டுக் காட்ட வேண்டும் என்று விதி. ஆவடிக்கு அந்தப் பக்கம் இருந்த துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு எல்லாக் கிளைக்காரர்களும் போவார்கள். உலகநாதன் தன் அறுபத்தைந்துகளைப் பையில் போட்டுக்கொண்டு போய், ஐந்தை எண்ணிச் சுட்டுவிட்டு வருவார். திரும்பி வந்ததும் ஒரு கடிதம். 'மேற்படி துப்பாக்கி பழமையானது. குறைந்த அழுத்தத் தோட்டா தவிர வேறு உபயோகிக்கக் கூடாது. வேறு துப்பாக்கி வழங்க வேண்டுகிறேன்.' வருஷா வருஷம் அதே வாசகம், தேதி மட்டும் மாறும். வீரராகவன் வாங்கிக் கோப்பில் போடுவார். ஒரு தடவை, "இதுக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செஞ்சுக்கலாமே நீங்க" என்றார். உலகநாதன் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. செய்துகொண்டால் நல்லதுதான் என்று பட்டது.

1989இல் பால்ராஜ் வந்தார். பூந்தமல்லிக்காரர், நாற்பது வயது, அவரும் பட்டாளத்தில் இருந்து வந்தவர்தான், லாரி ஓட்டியவர். தற்காலிக வேலை. ஒரே துப்பாக்கியை இரண்டு பேரும் முறை மாற்றி வைத்துக்கொண்டார்கள். பால்ராஜுக்கு உலகநாதனின் எச்சரிக்கையெல்லாம் அரைக் காதில் விழும்.

"இன்னா கொக்கு அண்ணாத்தே, இரும்பு தானே? அவ்ளோ சீக்கிரம் பிச்சிக்குமா?"

"பிச்சிக்கும் பால்ராஜு. நீ டப்பாவுல கீறத தொடாத."

"சரி அண்ணாத்தே."

சுலைமானின் பெட்டி கரைந்துகொண்டே வந்தது. ரேஞ்சுக்கு இரண்டு பேர் போனதால் இப்போது வருஷத்துக்குப் பத்து. எங்கெங்கோ கேட்டு இன்னொரு அரைப் பெட்டி தேடிக் கொடுத்தார் சுலைமான். 1991 கடைசியில் உலகநாதன் போனபோது கையை விரித்தார். "இனி வராது நைனா. ஃபேக்டரிலயே போடறது இல்லியாம்." திரும்பும் ரயிலில் கூட்டம். வில்லிவாக்கம் தாண்டி உட்கார இடம் கிடைத்தும் உலகநாதன் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது என்று தோன்றியது. பையில் நாலே தோட்டாக்கள் மிச்சம்.

அடுத்த வருஷம் தலைமை அலுவலகத்தில் பாதுகாப்பு அதிகாரியாகத் தணிகாசலம் வந்தார். போலீசில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கிளைக்குக் கிளை வெவ்வேறு தோட்டா இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி, எழுபது மில்லிமீட்டர் எல்.ஜி. என்று சுற்றறிக்கை விட்டார். ரேஞ்சு நாளன்று பெட்டியைத் தானே கொண்டுவந்து ஆளுக்கு ஐந்து கொடுத்தார்.

உலகநாதன் முறை வந்தது. ஐந்து தோட்டாக்களையும் கையில் வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார்.

"என்னய்யா?"

"இந்தத் துப்பாக்கில இத்த சுட மாட்டேன் சார்."

"பயமா?"

சுற்றி இருபது பேர் நின்றார்கள். யாரோ பின்னால் "கொக்கு" என்றார்கள். சிரிப்பு கிளம்பியது.

"ஆமா சார்" என்றார் உலகநாதன்.

தணிகாசலம் அவர் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கி, "அடுத்தது யாருப்பா, நீ வா" என்று பால்ராஜிடம் கொடுத்தார். பால்ராஜ் உலகநாதனைப் பார்த்தார். மூன்று வருஷமாகத் தற்காலிகம். நிரந்தரம் ஆகிற பட்டியல் தணிகாசலத்தின் கையெழுத்துக்குக் காத்திருந்தது. பார்வையைத் திருப்பிக்கொண்டு இரண்டு தோட்டாக்களைப் போட்டார், மூடினார், தோளில் வைத்தார். இடது கை முன்னால் போய்க் குழலைப் பிடித்தது.

உலகநாதனுக்குத் தான் நடந்தது தெரியவில்லை. நாலு எட்டு. பின்னாலிருந்து குழலைத் தரையை நோக்கி அழுத்திப் பிடித்து, கட்டை விரலால் தாழைத் தள்ளித் திறந்து, தோட்டா இரண்டையும் உருவி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். ரேஞ்சில், சுடப் போகிறவன் மேல் கை வைப்பது கொலைக்குச் சமானம். அதைப் பட்டாளத்தில் நூறு பேருக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

அன்று சாயங்காலமே வேலை நீக்கி வைத்த தாள் கைக்கு வந்தது. விசாரணை முடியும் வரை வர வேண்டாம் என்றிருந்தது.

கஸ்தூரி எஸ்டேட்டில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் பெட்டி ஒட்டும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது, வழக்கமாகத் தனக்கு முன்னால் சைக்கிளைத் துடைக்கிறவர் லுங்கியோடு வாசல்படியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டார். கேட்டதும் சாப்பாட்டுக் கூடையைக் கீழே வைத்துவிட்டார்.

"உனக்கின்னா தலயெழுத்துய்யா? நீ சுட மாட்டேன்ன, சரி. அந்தாளு சுட்டா சுட்டுட்டுப் போறான். உன் கையா அது?"

உலகநாதன் சைக்கிள் துடைக்கிற துணியை எடுத்து மடித்தார்.

"ஒம்போது வர்சமா இதே பாட்டு. லெட்டரு எய்தறது, ஊரு பூரா கொக்குன்னு கூப்புட வெச்சிக்கறது. இன்னாத்துக்கு? சொல்லேன்."

அவர் சொன்னார். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் சொல்லாததைச் சொன்னார்.

1969. வடக்கே ஒரு கண்டோன்மென்ட். ஒரு மேஜர் தன் சொந்த வேட்டைத் துப்பாக்கியோடு பட்டறைக்கு வந்தார். கையில் புதுத் தோட்டா. இது இதற்குச் சரியாக வருமா என்று கேட்டார். உலகநாதனுக்கு அப்போது துப்பாக்கி என்றால் பட்டாளத் துப்பாக்கி மட்டும்தான். தோட்டாவைப் போட்டுப் பார்த்தார். உள்ளே போயிற்று. "போகுது சாப்" என்றார். ஞாயிற்றுக்கிழமை மேஜர் வேட்டைக்குப் போனார். கூட அவருக்கு எடுபிடியாக இருந்த ஆர்டர்லி சிப்பாய். திம்மராயன் என்று கிருஷ்ணகிரிப் பையன். உலகநாதனுக்குப் பக்கத்துக் கட்டில். நீயும் ஒரு கௌதாரி சுடு என்று மேஜர் பிரியமாகத் துப்பாக்கியைக் கொடுத்திருக்கிறார்.

"கொயல் பிச்சிகினு அவன் கட்ட வெரலும் இன்னும் ரெண்டு வெரலும் போச்சு. எடது கை. கொயலுக்குள்ள மண்ணு பூந்துட்சின்னு எய்தி மூடிட்டாங்க. என்னிய ஒர்த்தனும் கேக்கல. ஒரு வர்சம் கயிச்சு வேற ஒரு ஊர்ல, ஒரு புக்குல படிச்சேன். அப்பதான் தெர்ஞ்சுது. போவுதுன்னு சொன்னது நானு."

கஸ்தூரி படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கம்பெனி பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது.

"அவன் இப்ப எங்க கீறான்?"

"தெர்ல. லெட்டரு போடணும்னு நெனப்பேன். இன்னான்னு போடறது?"

கஸ்தூரி கூடையைத் திறந்து, தனக்குக் கட்டிய புளிச்சோற்றில் பாதியைத் தட்டில் கொட்டி அவர் முன்னால் வைத்தார். "துண்ணு" என்றார். பிறகு, "இத்த அந்த ஆபீசராண்ட சொல்லு. எனுக்கு சொல்லி இன்னா பிரயோஜனம்" என்றார்.

மூன்று வாரம் கழித்து விசாரணை. தணிகாசலம் மேஜைக்குப் பின்னால், வீரராகவன் பக்கத்து நாற்காலியில். என்ன துணிச்சலில் இன்னொருத்தன் கையிலிருந்து நிறைத்த துப்பாக்கியைப் பிடுங்கினாய் என்பது கேள்வி. உலகநாதன் முத்திரை, அறை, நீளம் என்று தொடங்கினார். தணிகாசலத்தின் முகம் சுருங்குவதைப் பார்த்து நிறுத்தினார். பிறகு திம்மராயனைப் பற்றி நாலு வாக்கியம் சொன்னார். சொல்லும்போது குரல் மாறவில்லை. அத்தனை தடவை தனக்குள் சொல்லித் தேய்ந்துபோயிருந்தது அது.

தணிகாசலம் பேனாவை மூடினார். "சரிய்யா. நீ சொல்றது நெஜமான்னு பாத்துடுவோம். எப்படிப் பாக்கறது?"

"டயர்ல கட்டி வெச்சு, தூரக்க நின்னு கயிறு போட்டு இசுக்கலாம் சார்."

அப்படியே செய்தார்கள். ஒரு புதன்கிழமை காலை, ரேஞ்சில் பழைய லாரி டயர் ஒன்றை மணல் மூட்டை முட்டுக்கொடுத்து நிறுத்தி, துப்பாக்கியை அதன் மேல் சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டினார் உலகநாதன். விசையில் சணல் கயிறு. இருபது கஜம் தள்ளி மண் மேட்டுக்குப் பின்னால் தணிகாசலம், வீரராகவன், பால்ராஜ் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள்.

ஐந்தில் முதல் தோட்டா, இடது குழலில். கயிற்றை இழுத்தார். வெடித்தது. போய்ப் பார்த்தார்கள், துப்பாக்கி முழுசாக இருந்தது.

அதே குழலில் இரண்டாவது. மூன்றாவது. ஒன்றும் ஆகவில்லை.

நாலாவதுக்குத் தோட்டாவைப் போடும்போது உலகநாதனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒன்பது வருஷம். பயந்து பயந்து, ஒன்றுமில்லாததற்குத்தான் பயந்தோமா? வெடித்துத் தொலைக்கட்டும் என்று மனசு ஒரு கணம் வேண்டியது. அப்படி வேண்டியதற்காக அப்புறம் வெட்கப்பட்டார். நாலாவதும் சாதாரணமாகவே வெடித்தது. வீரராகவன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணியும் ஆவலியே அண்ணாத்தே" என்றார் பால்ராஜ். கேலியாக இல்லை, ஆறுதல் சொல்வது போல. "குடு, மிச்சம் ஒண்ண நானே சுட்டுடறேன். மேட்டர் முட்ஞ்சிடும்."

"இரு" என்றார் உலகநாதன்.

கட்டை அவிழ்த்தார். குழல் இன்னும் சூடாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு இடது குழல் மேல் விரலை மெல்ல ஓட்டினார், பின்பக்கமிருந்து முன்னால். இரண்டரை அங்குலம் தாண்டியதும் விரல் நின்றது. மறுபடி ஓட்டினார். அங்கேயே நின்றது. ஒரு அரிசி கனம்கூட இல்லாத மேடு, மோதிரம் மாதிரி குழலைச் சுற்றி.

"இங்க தொட்டுப் பாருங்க சார்."

தணிகாசலம் தொட்டார். "ஒண்ணும் தெரியலையே."

உலகநாதன் வீரராகவனின் சட்டைப்பையில் இருந்த சின்ன இரும்பு ஸ்கேலை வாங்கினார். குழலின் மேல் நீளவாக்கில் விளிம்பை வைத்து, வெயிலுக்கு நேரே தூக்கிக் காட்டினார். மேட்டின் மேல் ஸ்கேல் முட்டிக்கொண்டு நின்றது. இரண்டு பக்கமும் தலைமுடி அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. வலது குழலில் வைத்தார். வெளிச்சமே இல்லை, ஸ்கேல் ஒட்டி உட்கார்ந்தது.

"நேத்து இது இல்ல சார். அளந்து எய்தி வெச்சிருக்கேன். இரும்பு உப்பிகினு கீது. அஞ்சாவதுல போலாம், அம்பதாவதுல போலாம். எப்பன்னு எனுக்குத் தெர்யாது. ஆனா போவும்."

பால்ராஜ் தன் இடது கையைப் பார்த்துக்கொண்டதை உலகநாதன் கவனித்தார். கவனிக்காதது போல டியூபைச் சுருட்டினார்.

தணிகாசலம் வெகு நேரம் ஸ்கேலை வைத்து வைத்துப் பார்த்தார். பிறகு வீரராகவனிடம் கேட்டார். "இவர் இதப்பத்தி எழுத்துல குடுத்திருக்காரா?"

"குடுத்திருக்கார்."

"எத்தனை?"

வீரராகவன் தயங்கினார். "ஒம்பது."

"ஒம்பதா?" தணிகாசலம் ஸ்கேலைத் திருப்பிக் கொடுத்தார். "ஒம்பது லெட்டர் கோப்புல இருக்கும்போது இது சரியா இருக்குன்னு நான் எப்படிய்யா கையெழுத்துப் போடறது? நாளைக்கு ஒருத்தன் கை போச்சுன்னா மொத ஆளா என்னத்தானே கேப்பான்?"

அவரை ஒப்புக்கொள்ள வைத்தது அந்த வெளிச்சமா, ஒன்பது கடிதங்களா என்பது உலகநாதனுக்குக் கடைசி வரை தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் அவர் ஆசைப்படவில்லை. துப்பாக்கி உபயோகத்துக்கு லாயக்கற்றது என்று எழுதி, போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தார்கள்.

உலகநாதனுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. கூடவே ரேஞ்சு ஒழுங்கை மீறியதற்காகப் பணிப் பதிவேட்டில் ஒரு கண்டனமும் ஏறியது. இரண்டு தாளும் ஒரே உறையில் வந்தன. வீரராகவன் சங்கடப்பட்டு, "அப்பீல் பண்ணலாம், நான் எழுதித் தரேன்" என்றார். "வேணாம் சார், இனி லெட்டரு எய்த கை வர்ல" என்றார் உலகநாதன்.

புதுத் துப்பாக்கி வர எட்டு மாசம் ஆயிற்று. அதுவரை வங்கி வாசலில் தடியோடு நின்றார்கள். பால்ராஜ் அந்த வருஷமே நிரந்தரமானார். நன்றி என்று எதுவும் சொல்லவில்லை. ஆனால் முறை மாறும் நேரத்துக்கு அரைமணி முன்னாலேயே வரத் தொடங்கினார். "போ அண்ணாத்தே, அஞ்சு அம்பது வண்டிய புடி" என்பார். கொக்கு என்ற பெயரை அவர் விட்டுவிட்டார். மற்றவர்கள் விடவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் அவருடைய கழுத்தைப் பார்த்து வைத்த பெயர் என்றே நினைத்துக்கொண்டார்கள்.

ஆனால் தணிகாசலம் ஒன்று செய்தார். எல்லாக் கிளைத் துப்பாக்கிகளுக்கும் ஒரு படிவம் தயாரித்தார். அதில் முத்திரை, அறை நீளம், குழலின் நிலை, போடத்தக்க தோட்டா என்று நாலு கட்டம். நிரப்பத் தெரிந்த ஆள் ஒருத்தர்தான் இருந்தார். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் உலகநாதன் ஒரு பையில் ஸ்கேலும் அளவு அட்டையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். திருவள்ளூர், செங்குன்றம், பூந்தமல்லி. மொத்தம் இருபத்திரண்டு கிளைகள். போகிற இடமெல்லாம் அதே சந்தேகம், அதே பேச்சு. இது பழசு, இதற்கு லேசான தோட்டா வேண்டும், அது இப்போது கிடைக்காது, கிடைக்காவிட்டால் நிறைக்காதே. சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. குட்டை அறைத் துப்பாக்கிகள் மூன்று அகப்பட்டன. மூன்றையும் நிறுத்தி வைக்கச் சொல்லி எழுதினார். ஒரு கிளையில், நல்ல துப்பாக்கியை ஒழித்துக்கட்ட வந்தவன் என்று அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

கடைசிக் கிளை பூந்தமல்லியில், 1994 ஆடி மாசம். மத்தியானம் வெயில் மண்டையைப் பிளந்தது. துப்பாக்கியைப் பிரித்துப் பார்த்தார். அறை எழுபது, முத்திரை சரி, குழல் கண்ணாடி மாதிரி. எந்தத் தோட்டாவும் போடலாம். நாலு கட்டத்தையும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கிளைக் காவலாளி மேலும் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

"நல்லா கீது" என்றார் உலகநாதன். "கொயலுக்கு எண்ணெ மட்டும் போடு."

ஆவடி பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பருத்திப்பட்டு வருவதற்குள் தூங்கிவிட்டார். கண்டக்டர்தான் தோளைத் தட்டி எழுப்பி இறக்கிவிட்டார். வீட்டுக்கு வந்து காலைக் கழுவிக்கொண்டு தொப்பென்று தரையில் படுத்தவரிடம் கஸ்தூரி, "முட்ஞ்சுதா?" என்று கேட்டார்.

"முட்ஞ்சுது. காலு நோவுது" என்றார் உலகநாதன். கஸ்தூரி காலுக்குத் தேய்க்க எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்தார்.